சின்னஞ்சிறு கைகளும் நம் திருநாட்களும்

(மகாவீரர் நிர்வாணத் திருநாளை ஒட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இல்லத்தில் சிறு குழந்தைகளோடு நம் திருநாட்களை எவ்வாறு கொண்டாடலாம் என்பது பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்தனர். அநேகாந்தம் பற்றியோ குணஸ்தானங்கள் பற்றியோ பேசச் சொல்லியிருந்தால் நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுத்து வந்திருப்பேன். இப்பொருளோ அத்தகையதன்று. ஐந்து வயதுக் குழந்தையின் கையில் அரிசியையும் மாவையும் காகிதத்தையும் கொடுத்து, அதன் வழியே அறத்தை அதன் உள்ளத்தில் இறக்குவது பற்றியது. இதற்கு நூலறிவைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

நம் குழந்தைகள் நம் சமயத்தை முதன்முதலில் எந்தச் சொல்லால் அறிகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். "வேண்டாம்" என்னும் சொல்லால் அறிகின்றனர். வெடி வேண்டாம். பொழுது சாய்ந்தபின் உணவு வேண்டாம். பிறந்தநாள் விருந்தில் முட்டை கலந்த கேக் வேண்டாம். தேன் வேண்டாம், கிழங்கு வேண்டாம். பள்ளியில் உடன் பயிலும் நாற்பது பிள்ளைகளுள் நம் பிள்ளை ஒருவனே இருப்பான். "உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?" என்று அவர்கள் கேட்கும்பொழுது, அவன் கையில் இந்த "வேண்டாம்"களைத் தவிர வேறொன்றும் இல்லையெனில், வெட்கப்பட்டுத் தலை குனிவானேயன்றி விடை கூற மாட்டான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அதனுள் அடங்குவர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் தாத்தாவும் பாட்டியும் கோயிலும் ஒரே தெருவில் இருந்த காலத்தில், குழந்தைக்கு எதையும் தனியே கற்பிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தைக்குத் தெருவும் இல்லை, தாத்தாவும் பாட்டியும் விடுமுறைக்கு மட்டுமே வாய்க்கின்றனர். ஆகவே "செய்யாதே" என்று சொல்லும் இடத்தில் எல்லாம் "இதைச் செய்" என்று ஒன்றைக் கொடுக்க வேண்டிய கடமை பெற்றோரைச் சேர்ந்ததாகிவிட்டது.

முதலில் இவ்விழாவுக்குரிய தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். பாவாபுரியில், ஐப்பசி அமாவாசை வைகறையில், தம் 72ஆம் அகவையில் மகாவீர பகவான் வீடுபேறு அடைந்தார். அன்றே அவர்தம் முதற்கணதரர் கௌதமர் கேவல ஞானம் எய்தினார். ஞானச்சுடர் மறைந்ததெனக் கலங்காது விளக்கேற்றிய அந்நாளைக் கி.பி. 783இல் ஜினசேனர் நிறைவு செய்த ஹரிவம்ச புராணம் "தீபாலிகா" என்னும் சொல்லால் குறிக்கின்றது. வீர நிர்வாண ஆண்டு இந்நாளிலிருந்தே எண்ணப்பெறுகின்றது. 2500ஆம் நிர்வாண ஆண்டு 1974இல் நாடெங்கும் கொண்டாடப்பெற்றதைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். குழந்தைக்கு இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. "விடியற்காலையில் பகவான் வீடுபேறு அடைந்தார், அதனால் நமக்குத் தீபாவளி விடியற்காலையிலேயே வந்துவிடுகிறது, நீதான் முதல் விளக்கை எடுத்து வைக்க வேண்டும்" என்பது போதும். விடியுமுன் எழுப்பப்படுவதைக் குழந்தைகள் வெறுப்பதில்லை. தமக்கென்று ஒரு பணி காத்திருக்கிறது என்று தெரிந்தால் நமக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பணியை முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடலாம். ஒரு தாம்பாளம், ஒரு கைப்பிடி பச்சரிசி. முதலில் நடுவே ஸ்வஸ்திகம், அதன்மேல் மூன்று புள்ளிகள், அவற்றின்மேல் பிறைக்கோடு, பிறையின்மேல் ஒரு புள்ளி. கோயிலில் நாம் அன்றாடம் வைப்பதுதான். வீட்டில் அமர்ந்து, அவசரமின்றி, ஒவ்வொரு மணியாகக் குழந்தையே அடுக்கும்பொழுது அதன் கேள்விகள் தாமே வரும். நான்கு கைகள் ஏன்? தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நாற்கதிகள். மூன்று புள்ளிகள் ஏன்? நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பிறை? அது சித்தசிலை, அதன்மேல் இருக்கும் புள்ளி சித்தர்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு நுனிவிரல்களால் அரிசி மணியைப் பிடித்து வைப்பதே பெரும் பயிற்சி. கோடு கோணலாகத்தான் வரும். தயவுசெய்து நீங்கள் விரலை நீட்டித் திருத்தாதீர்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட அரிசியை ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால், அடுத்த நாளும் அதற்கே பயன்படும்.

வாசலில் இடும் கோலம் பச்சரிசி மாவால் ஆகட்டும். கல்மாவு வெண்மையாகத் தெரியும், மலிவாகக் கிடைக்கும். ஆனால் எறும்புக்கு அதனால் பயனில்லை. "இந்தக் கோலம் யாருக்கு?" என்று கேட்டால் "எறும்புக்கு" என்று சொல்லக் குழந்தைக்கு மிகவும் பிடிக்கும். மூன்றுக்கு மூன்று புள்ளியிட்டுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை பெய்து கோலம் கரையும் என்பது உண்மையே. தாழ்வாரத்திலோ கூடத்திலோ ஊறவைத்து அரைத்த அரிசியால் இழைக்கோலம் இடச் செய்யலாம்.

இனி விளக்கு. இது குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பொழுது சாய்ந்தபின் வெளியில் விளக்கேற்றினால் ஈசலும் விட்டிலும் வந்து விழுவதைக் காண்கிறோம். கொல்லாமையின் பெருந்தெய்வம் வீடடைந்த நாளில் நம் வாசல் விளக்கே உயிர்களுக்குக் கூற்றாக அமைவது பொருத்தமாகுமா? வைகறையில் பூச்சி வரவு குறைவு. ஆகவே வெளிவிளக்கை வைகறையில் வைப்பதே நன்று. மாலையிலும் வைக்க விரும்பினால், கூண்டு விளக்கு செய்துகொள்ளலாம். வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்புறத்தில் எண்ணெய்த்தாள் சுற்றி ஒட்ட வேண்டும். ஒட்டுமுன், சங்கு, தாமரை, பிறை, கலசம் ஆகிய உருவங்களைக் கறுப்புத்தாளில் குழந்தையைக் கொண்டு வரையச் செய்து, கத்தரித்து, அந்த எண்ணெய்த்தாளில் ஒட்டிவிடுங்கள். உள்ளே சிறு அகல். போத்தலின் வாயில் தேநீர் வடிகட்டும் கம்பிச் சல்லடை ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் காற்று புகும், பூச்சி புகாது. விளக்கை ஏற்றுவதும் சல்லடையை வைப்பதும் எடுப்பதும் பெரியவர் பணி. சல்லடை விரைவில் சூடேறிவிடும். சுடரின் நுனி சல்லடையைத் தொடாத அளவுக்குப் போத்தல் உயரமாக இருக்கட்டும். எண்ணெயும் திரியும் குறைவாகவே இருக்கட்டும். கறுப்புச் சங்கின் நிழல் சுவரில் விழும்பொழுது, "நேமிநாதர்!" என்று குழந்தை கூவுவதைக் கேட்டால், இத்தனை ஏற்பாடும் வீணில்லை என்று தோன்றும்.

வெடி பற்றிக் கேட்பீர்கள். "வெடித்தால் காற்று கெடும், நாய் அஞ்சும், பறவை பதறும்" என்பன எல்லாம் உண்மையே, குழந்தைக்கும் புரியும். ஆனால் தெருவில் அனைவரும் வெடிக்கையில், சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு இந்த உண்மை மட்டும் போதாது. அந்நேரத்தில் அதற்கு ஒரு வேலை வேண்டும், அதுவும் ஓசையுள்ள வேலையாக இருந்தால் நன்று. பூசை மணி, சேகண்டி, கைத்தாளம் இவற்றுள் ஒன்றைக் கொடுத்து வீட்டுப் பூசையில் அடிக்கச் சொல்லுங்கள். அன்று மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். அண்டை வீட்டு நாய் வெடிக்கு அஞ்சி ஒளிந்தால், அதற்கு ஒரு கிண்ணத்தில் நீரும் படுக்க ஒரு சாக்கும் வைக்கும் பொறுப்பைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். "எங்கள் வீட்டில் வெடி இல்லை" என்று சொல்வதைவிட "நாங்கள் நாய்க்கு இடம் கொடுத்தோம்" என்று பள்ளியில் சொல்வது ஒரு பிள்ளைக்கு எளிது.

அடுத்து இனிப்பு. நிர்வாண நாளில் லட்டு படைக்கும் வழக்கம் வடநாட்டுத் திகம்பரர்களிடையே பெருவழக்கு. நம் இல்லத்தில் குழந்தை தன் கையாலேயே பிடிக்கத்தக்க உருண்டை ஒன்று உண்டு. அதுவே மாலாடு. பொட்டுக்கடலை 200 கிராம், சர்க்கரை 150 கிராம், ஏலக்காய் நான்கு, நெய் 100 கிராம் அளவு. பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றி, ஆறியபின் நன்கு பொடித்துச் சலிக்க வேண்டும். சர்க்கரையையும் ஏலத்தையும் தனியே பொடித்துக் கலக்க வேண்டும். சல்லடையை ஆட்டும் பணி மூன்று வயதுக் குழந்தைக்கும் பொருந்தும். மாவு சிறிது தரையில் சிந்தும், அதற்கு ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். நெய்யை உருக்கி ஊற்றுவது தாயின் வேலை. முக்கால் பங்கு நெய்யை முதலில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் குழந்தையை அழையுங்கள். பிடித்தால் உதிர்கிறதெனில் மீதி நெய்யையும் ஊற்றலாம். இந்த அளவுக்குச் சிறு நெல்லிக்காய் அளவில் 24 உருண்டைகள் வரும். இருபத்துநான்கு என்பதை வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒவ்வோர் உருண்டை தாம்பாளத்தில் இறங்கும்பொழுதும் ஒரு தீர்த்தங்கரர் திருநாமம். விருஷபர் தொடங்கி வர்த்தமானர் ஈறாக. முதலாண்டில் ஐந்து பெயர் வரும், மறந்துபோகும். மூன்றாம் ஆண்டில் உங்களுக்கு மறந்த பெயரைக் குழந்தை எடுத்துக் கொடுக்கும். இருபத்துநான்கில் வீட்டுக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காவலாளி, துப்புரவுப் பணியாளர், அண்டை வீட்டார் ஆகியோருக்குக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

எள்ளுருண்டை நல்ல பண்டமே. ஆனால் வெல்லப்பாகு கொதிக்கும் சூட்டில் இருப்பது. சிறுவரை அருகில் விட வேண்டா. அவர்களுக்கு அவலும் வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் கலப்பதே போதிய சமையல்.

கடைப் பண்டங்கள் குறித்து ஒரு சொல். பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் உள்ள பொட்டலத்தைத் தேடிக் காட்டு என்று கடைக்குச் செல்லும்பொழுது குழந்தையிடம் சொன்னால், அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு படி உண்டு. நம் நாட்டு உணவுச் சட்டத்தின்படி பாலைப் போலவே தேனும் தேன்மெழுகும் சைவக் குறி பெறத் தடையில்லை. ஆகவே பச்சை வட்டம் இருப்பதனாலேயே அது நமக்கு ஏற்ற பண்டமாகிவிடாது. உள்ளடக்கப் பட்டியலையும் படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கரடி வடிவ மிட்டாய்களில் ஜெலட்டின் இருப்பது பெருவழக்கு. அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஏழு வயதுப் பிள்ளை பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்து "இது நமக்கு ஆகாது, மாமா" என்று பணிவோடு சொல்வதைக் கேட்கையில், தடை செய்யப்பட்ட பிள்ளையாக அவன் தோன்றுவதில்லை, துப்பறிவாளனாகத் தோன்றுகிறான்.

இவ்விடத்தில், கைவினை நூல்களிலும் பள்ளிகளிலும் பரவிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலவில்லை. மாவைப் பிசைந்து முயல், மீன், கோழி, யானை என்று வடிவம் செய்து சுட்டுத் தின்னும் வழக்கம் அது. பிறந்தநாள் கேக்கிலும் கரடியோ பூனையோ செய்து, குழந்தையின் கையில் கத்தியைக் கொடுத்து அதன் கழுத்தை வெட்டச் செய்கிறோம். கைதட்டிப் படமும் எடுக்கிறோம். "வெறும் மாவுதானே?" என்பர் சிலர். இதற்கு விடையாக நம் தமிழில் ஒரு காவியமே இருக்கின்றது. யசோதர காவியத்தில், உயிர்ப்பலி கொடுக்க மறுத்த மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் சொல்லை முற்றும் தட்ட இயலாமல் மாவால் செய்த கோழியைப் பலியிடுகிறான். கொல்லும் எண்ணத்தோடு செய்த அச்செயலின் பயனாக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பிறவிதோறும் உழல்கின்றனர். கொலை கையில் மட்டும் இல்லை, கருத்திலும் இருக்கின்றது என்பதை இதைவிட நுட்பமாக உரைத்த கதையை நான் அறியேன். நம் குழந்தை முயல் வடிவ பிஸ்கட்டைத் தின்றால் யசோதரன் அடைந்த வினை வந்துவிடும் என்று நான் அச்சுறுத்தவில்லை. குழந்தைக்கு அங்கே கொல்லும் எண்ணமில்லை. ஆயினும் "முதலில் காதைக் கடிப்பேன், பிறகு தலையைக் கடிப்பேன்" என்னும் விளையாட்டை நாமே ஏன் கற்பிக்க வேண்டும்? இலை, பூ, விண்மீன், படகு, ஏணி, வீடு என்று வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்வஸ்திகம் முதலிய மங்கலச் சின்னங்களையும் தின்பண்டத்தில் செய்ய வேண்டா. அவை வணங்குவதற்கு உரியன. யானை செய்தே தீருவேன் என்று பிள்ளை அடம் பிடித்தால் களிமண்ணில் செய்யட்டும். அந்த யானையை உடைக்காமல் சாளரத்திண்டில் வைத்துப் பாதுகாப்பதும் விளையாட்டின் ஒரு பகுதியாகட்டும். கதையைப் பத்து வயதுக்கு மேல் சொல்லலாம். சின்னக் குழந்தைக்கு மாக்கோழியைச் சொல்லி இரவில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டா.

தீபாவளி விடுமுறையில் மழை பெய்து வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தால், தாமரைக்குளம் செய்யுங்கள். பாவாபுரியில் பகவானின் திருவடிகளைக் கொண்ட கோயில், தாமரை நிறைந்த குளத்தின் நடுவே வெண்பளிங்கில் அமைந்திருக்கிறது. பகவானின் உடல் எரியூட்டப்பட்ட இடத்து மண்ணை மக்கள் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டதால், அவ்விடம் பள்ளமாகிக் குளமாயிற்று என்பது செவிவழிச் செய்தி. ஒரு சிட்டிகை எத்தனை பேர் எடுத்தால் குளமாகும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்; அரைமணி நேரம் அமைதி கிடைக்கும். அட்டையின்மேல் நீலத்தாள் ஒட்டி, நடுவே வெள்ளைத் தீப்பெட்டிகளால் கோயில், கரையிலிருந்து நீண்ட பாலம், சுற்றிலும் இளஞ்சிவப்புத் தாளை எட்டாக மடித்துக் கத்தரித்த தாமரைகள். நமக்கு அருகிலேயும் ஒரு தாமரைக்குளம் உண்டு. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டிய குளம் அது. மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், தாமரை கொய்யும் பவ்வியர்கள். சமவசரணத்தின் குளமாக அறிஞர் அதனைக் கொள்வர். காகிதக்குளத்தைச் செய்து முடித்த பிள்ளையை அடுத்த விடுமுறையில் அங்கு அழைத்துச் சென்றால், கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்து, தான் செய்யாமல் விட்ட யானையைக் கண்டுபிடிக்கும்.

மழைக்காலத்துக்கே உரிய இன்னொன்று பொழுதுக் கடிகாரம். பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கம் குழந்தைக்குக் கடினமாவது அதன் நேரம் புரியாததால்தான். காகிதத் தட்டில் கடிகார முகம் வரைந்து, நடுவில் பொத்தானை வைத்து இரு அட்டை முட்களைச் சுழலுமாறு தைத்துவிடுங்கள். நாட்காட்டியில் அன்றைய சூரிய மறைவைப் பார்த்து முட்களைத் திருப்பி வைப்பது குழந்தையின் அன்றாட வேலை. சென்னையில் ஆனி மாதத்தில் மாலை 6.35 அளவில் மறையும் ஞாயிறு, கார்த்திகைத் தொடக்கத்தில் 5.40 அளவிலேயே மறைந்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுருங்குவதைத் தன் கையாலேயே முள்ளைத் திருப்பி அறிந்த பிள்ளை, "இன்னும் இருபது நிமிடந்தான் இருக்கிறது, சாப்பிட வாருங்கள்" என்று தந்தையை அலுவலக மடிக்கணினியிலிருந்து எழுப்பும். பள்ளிப் பேருந்து மாலை ஐந்தரைக்கு வரும் வீடுகளில் இது எளிதன்று என்பதை அறிவேன். விடுமுறை நாட்களில் மட்டுமாவது முள் சொல்லும்படி நடக்கட்டும். நீரை வடிகட்டும்பொழுது இரட்டையாக மடித்த துணியின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள்; குளத்து நீர் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் ஒரு முறை காட்டிவிட்டால் "ஏன்" என்னும் கேள்வி பிறகு எழாது.

பொங்கலும் ஜினராத்திரியும் பற்றி நீங்கள் எனக்கே கற்பிக்க வல்லவர்கள்; அவற்றை விட்டுக் கோடைக்குச் செல்கிறேன்.

மகாவீர ஜெயந்தி பங்குனி, சித்திரை வெயிலில் வருகின்றது. அன்று குழந்தையின் கையால் பறவைகளுக்கு நீர்க்கிண்ணம் வையுங்கள். வாயகன்ற, ஆழமில்லாத மண்சட்டி. நடுவே ஒரு கூழாங்கல், சிறு குருவியும் தேனீயும் அமர. சட்டியின் புறத்தே சுண்ணாம்பாலும் காவியாலும் கோலம் தீட்டுவது குழந்தையின் கைவினை. இதில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாள்தோறும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். நான்கைந்து நாள் விட்டுவிட்டால் கொசுப்புழு தோன்றும். பிறகு அதை என்ன செய்வது என்று நாமே தருமசங்கடத்தில் நிற்போம். ஒரு நாள் மட்டும் கொண்டாடி மறப்பதாயின் சட்டியை வைக்காமலிருப்பதே மேல்.

அட்சய திருதியை அன்று கடைத்தெருவில் பொன் வாங்கக் கூட்டம் நெருக்கும். நம் குழந்தைகள் அறிய வேண்டியது வேறு. ஓராண்டுக்கும் மேலாக ஆகாரமின்றி நடந்த ஆதிநாதருக்கு, அத்தினபுரத்தில் சிரேயாம்சன் முதன்முதலாகக் கரும்புச்சாற்றை ஆகாரதானமாக அளித்த நாள் அது. ஆகவே கரும்புச்சாறு. கடையில் பிழியும்பொழுது இஞ்சியையும் சேர்த்து நசுக்குவது வழக்கம். கிழங்கு தவிர்க்கும் இல்லத்தார் எலுமிச்சை மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈ மொய்க்கும் பொறியைத் தவிர்த்துத் தூய்மையான கடையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒரு சிறு நாடகமே போடலாம். ஒரு பிள்ளை சிரேயாம்சன், பாட்டி குடிமக்கள். ஆதிநாதராக மட்டும் யாரும் வேடமிட வேண்டா. அவர் வரும் வழியில் ஒரு பூவிதழை வைத்தால் போதும். முதல் குவளையை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்குக் கொடுத்த பின்னரே நாம் குடிப்பது என்று வைத்துக்கொண்டால் கதை நிறைவு பெறும்.

ஆனி மாதத்தை ஒட்டி, பள்ளி திறக்கும் பருவத்தில், சுருத பஞ்சமி வருகின்றது. புட்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் நிறைவேற்றிய நாள். அவ்விருவருள் பூதபலி ஆசாரியர் திராவிட தேசத்துக்கு வந்தார் என்பது மரபு. ஆதலால் நமக்கு இந்நாள் அயலன்று. எல்லா வீடுகளிலும் பாடநூலுக்கு அட்டை போடும் வேலை அப்பொழுதுதான் நடக்கும். அதையே திருநாளாக்கிவிடலாம். வீட்டிலுள்ள நூல்களைக் குழந்தையே இறக்கி, மென்துணியால் தூசு துடைத்து, வெயிலில் சிறிது நேரம் காட்டி, மீண்டும் அடுக்கட்டும். துடைக்குமுன் நூலைத் தட்டாமல் மெல்லத் திறந்து, வெள்ளிப்பூச்சி ஓடினால் ஒரு தாளில் ஏந்தி வெளியே விடட்டும்.

அன்று செய்யத்தக்க அழகிய கைவினை ஓலைச்சுவடி. தடித்த தாளை 20 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலமுள்ள ஐந்து பட்டைகளாக வெட்டுங்கள். தேநீர் வடிநீரில் தோய்த்து உலர்த்தினால் பழுப்பேறி ஓலைபோலவே தோன்றும். இரு துளையிட்டு நூல் கோத்து, மேலும் கீழும் அட்டையை வைத்துக் கட்டலாம். பஞ்ச நமஸ்காரத்தின் ஐந்து வரிகளுக்கு ஐந்து ஏடுகள். எழுத்து வராத குழந்தைக்கு நீங்கள் புள்ளிகளால் எழுதிக் கொடுங்கள், அது இணைத்துக்கொள்ளும். இதைச் செய்யும்பொழுதே சொல்ல ஒரு கதை உண்டு. சீவக சிந்தாமணியைச் சுவடிகளிலிருந்து ஆராய்ந்து உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார். அதன் பொருளை அறிய அவர் நாடிச் சென்றது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களையே. அங்கே அந்நூல் பாராயணத்திலும் பேச்சிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. நம் கொள்ளுப்பாட்டனார்கள் போன்ற எளிய இல்லறத்தார் சுவடியைக் காத்தும் படித்தும் வந்ததால் தமிழுக்கு ஒரு காப்பியம் திரும்பக் கிடைத்தது என்பதைக் கேட்கும் பிள்ளை, தன் காகிதச் சுவடியைக் கசக்கி எறியாது.

ஆண்டு முழுமைக்கும் உரியது இலாஞ்சனைச் சீட்டு. தீர்த்தங்கரர் ஒவ்வொருவர்க்கும் உரிய சின்னத்தை ஓர் அட்டையிலும், திருநாமத்தை இன்னோர் அட்டையிலும் எழுதி 48 சீட்டுகள். கவிழ்த்துப் பரப்பி, இணை சேர்ப்பவர்க்கு அவ்விணை. காளை, யானை, குதிரை, குரங்கு என்று தொடங்கி, சங்கு, பாம்பு, சிங்கம் என்று முடியும் இவ்வரிசையைப் போலக் குழந்தைக்கு இனிப்பது வேறில்லை. முழு இருபத்துநான்கையும் ஒரே நாளில் இறக்க வேண்டா. ஆறு இணையில் தொடங்குங்கள். ஒரு செய்தி: வடநாட்டு அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தால் சில சின்னங்கள் மாறுபடும். எடுத்துக்காட்டாக, சீதளநாதருக்குத் திகம்பர மரபில் கற்பக மரமும் சுவேதாம்பர மரபில் ஸ்ரீவத்சமும் சின்னம். குழந்தை "எது சரி?" என்று கேட்டால் இரு மரபினரும் நம்மவரே என்பதை எளிதாகச் சொல்ல அதுவே வாய்ப்பு.

இவை எல்லாவற்றுக்கும் இலையும் பூவும் தேவைப்படும். விழுந்ததை எடுக்கலாம், இருப்பதைப் பறிக்க வேண்டா என்று முதல் நாளே சொல்லிவிட்டால் குழந்தைகள் நம்மைவிட உறுதியாக அதைக் கடைப்பிடிப்பார்கள். எடுத்த இலையைத் திருப்பிப் பார்க்கவும் கற்பியுங்கள். அடியில் ஓர் உயிர் ஒட்டியிருக்கக் கூடும். முனிவர் கையிலுள்ள பிஞ்சி, மயில் தானே உதிர்த்த பீலியால் ஆனது என்று சொல்லி, பருத்தி நூலை ஒரு குச்சியில் கட்டிச் சிறு துடைப்பம் செய்து கொடுத்தால், மேசையில் ஊரும் எறும்பை அது கொண்டு மெல்ல நகர்த்திவிட்டுத்தான் பிள்ளைகள் பசை தடவத் தொடங்குவார்கள்.

என் உரை நீண்டுவிட்டது. முன்வரிசையில் இருவர் உறங்கிவிட்டனர். மண்டபத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் ஐந்து மேசைகள் போடப்பட்டுள்ளன. முதல் இரண்டில் அரிசியும் தாம்பாளமும். நடுவில் சுவடிக்கான தாள்கள், துளையிட்டு ஆயத்தமாக. கடைசி இரண்டில் மாலாட்டு மாவு, கை பொறுக்கும் சூட்டில். கத்தரிக்கோல் தேவைப்படும் வேலைகளுக்கு ஒவ்வொரு குழந்தையுடனும் பெரியவர் ஒருவர் அமருமாறு வேண்டுகிறேன். கைகழுவ வடிகட்டிய நீர் தூணருகே இருக்கிறது. இன்று பொழுது மாலை 5.45க்கு மறைகின்றது, உருண்டை பிடித்து, பெயர் சொல்லி, பகிர்ந்து, உண்டு முடிக்க நமக்கு இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிடங்களும் உள்ளன. குழந்தைகளே, எழுந்து வாருங்கள்.